வலிப்பு நிற்கும்வரை

சுண்ணாம்பு மணிகள் ஊதா நிறமாகியிருந்தன.

வேறு யாராவது பார்த்திருந்தால் நல்ல நிறம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். அவளோ தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தாள். அரிசியைவிடச் சற்றுப் பெரிய அந்த மணிகள் புதிதில் பால்வெள்ளையாக இருக்கும். அடைத்த அறைக்குள் ஒரு மனிதன் இருந்தால், அவன் வெளியே விடும் கரியமில வாயுவை அவை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சி உறிஞ்சி இனி முடியாது என்னும்போது நிறம் மாறும். அவ்வளவுதான் அவற்றின் வேலை. மூன்று நாளைக்கு முன்னால் அவளே தன் கையால் வெள்ளை மணிகளைத் தட்டில் கொட்டி, டேங்க்குக்குள் வைத்துக் கதவை மூடினாள். அதன் பிறகு யாரும் உள்ளே போகவில்லை.

"ஈரம் பட்டிருக்கும் மேடம்," என்றார் மீசை. "இல்லேன்னா கடைக்காரன் பழைய சரக்கை நம்ம தலையில கட்டிட்டான்."

மீசை பதினான்கு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் டேங்க்கை இயக்குபவர். அவர் மீசை பெரியது, ஆனால் துடைப்பம்போல வறண்டு கிடக்கும். எண்ணெய் தடவிய மீசையோடு ஆக்சிஜன் பக்கத்தில் நிற்கக் கூடாது. சிறு பொறி போதும், முகமே பற்றிக்கொள்ளும். "வேலைக்காக மீசையை வாடவிட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இன்று அவரும் சிரிக்கவில்லை.

டேங்க் என்று அவர்கள் சொன்னது ஓர் இரும்பு உருளை. எதிரெதிரே இரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மாஸ்க், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் கனத்த கண்ணாடி ஜன்னல் ஒன்று. கதவை மூடிக் காற்றை உள்ளே திணித்தால், கடலில் இருபது மீட்டர் ஆழத்தில் உடம்பு உணரும் அழுத்தத்தைத் தரையிலேயே உண்டாக்கலாம். அந்த அழுத்தத்தில் படுத்திருப்பவருக்கு மாஸ்க் வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்து, அது உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

ஆக்சிஜன் இல்லாமல் உயிர் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். மறுபாதியைச் சொல்வதில்லை. இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும், வெட்டிவைத்த ஆப்பிளைக் கறுக்க வைப்பதும், விறகை எரிப்பதும் அதே ஆக்சிஜன்தான். நமக்குள்ளும் அது அதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது. ஒவ்வொரு செல்லிலும் சில புரதங்கள் காவல் நின்று, அது தெறிக்கவிடும் பொறிகளை உடனுக்குடன் மிதித்து அணைக்கின்றன. அழுத்தம் கூடினால் பொறிகள் பெருகும். காவல்காரர்கள் தடுமாறுவார்கள். முதலில் காதில் ரீங்காரம். பிறகு பார்வை ஓரங்களில் இருண்டு, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும். பிறகு உதடு துடிக்கும். அதற்கடுத்து வலிப்பு. காவல்காரர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாஸ்க்கைக் கழற்றி ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. உங்க பதினோரு வருஷ ஆராய்ச்சியை எவனோ ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டான் மேடம்," என்று மீசை கிண்டலடிப்பார். ஆனால் எது அளவு? திங்கட்கிழமை சிரித்துக்கொண்டு வெளியே வரும் அதே ஆள், அதே அழுத்தத்தில், அதே நேரத்தில், வியாழக்கிழமை ஏன் விழுகிறான்? அதுதான் அவளுடைய கேள்வி.

அந்த வியாழக்கிழமை ஆள் அவளுடைய தம்பி. எட்டு மாதம் ஆகிறது.

அவன் டேங்க்குக்குள் இறங்க வேண்டிய நாளே இல்லை அது. சோதனைத் திட்டத்தை எழுதியவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்பது அந்தக் கூடத்து வழக்கம். எழுதியது அவள். ஆனால் அவளுக்கு அன்றைக்குச் சளி. "மூக்கடைப்போட இறங்கினா காது கிழிஞ்சிடும்க்கா. அப்புறம் நான் திட்டறதுகூட உனக்குக் கேக்காது. தள்ளு, நான் போறேன்," என்றான். அகன்ற தோள்காரன். கடலுக்கடியில் குழாய்களுக்கு வெல்டிங் வைப்பது அவன் தொழில். டேங்க் அவனுக்கு மெத்தை போட்ட தூக்கம். உள்ளே போனால் அவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அந்த அழுத்தத்தில் காற்று அவ்வளவு அடர்த்தியாகிவிடும், விசில் அடிக்க வராது. உதட்டைக் குவித்து ஊதினால் வெறும் ஃபூ என்ற காற்றுதான். இன்றைக்கு அடித்துக் காட்டுகிறேன் பார் என்று ஒவ்வொரு முறையும் மீசையிடம் பந்தயம் கட்டித் தோற்பான்.

கதவு மூடி நாற்பத்தேழாவது நிமிடத்தில், மாஸ்க்கோடு இருக்கும்போது, அவனுக்கு வலிப்பு வந்தது. சிலிண்டர் வண்டி வந்திருக்கிறது என்று மீசை பின்கட்டுக்குப் போயிருந்தார். அவள் தனியே இருந்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆக்சிஜனை நிறுத்து, காற்றைக் கொடு. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். கட்டிக்கொள்வது, கை தன்னையறியாமல் வால்வுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. வலிப்பில் தொண்டை பூட்டிக்கொள்ளும். நுரையீரலில் இருக்கும் காற்றுக்கு வழி இருக்காது. அப்போது வெளியே அழுத்தத்தைக் குறைத்தால் உள்ளே மாட்டிய காற்று மூன்று மடங்கு விரியும், வாயைக் கட்டிய பலூன்போல. அதனால் வலிப்பு நிற்கும்வரை தொடாதே. இரண்டு நிமிடத்தில் தானே நிற்கும். மூச்சு திரும்பும். எழுந்து உட்கார்ந்து என்ன ஆச்சு என்று கேட்பான்.

அவள் இருபது விநாடி காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. குதிகால் இரும்பில் அடித்துக்கொண்டே இருந்தது. கை பின்னாலிருந்து அவிழ்ந்து வந்தது. வால்வைத் திறந்தாள்.

தம்பி ஆயிற்றே.

பதிவேட்டில் ஒரே ஒரு வரி பொய் எழுதினாள்: 'வலிப்பு நிற்கும்வரை இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு வால்வு திறக்கப்பட்டது.' விசாரணைக் குழுவில் ஐந்து பேர். ஒருவரும் டேங்க் பக்கத்தில் நின்றதில்லை. விதிப்படி காத்திருந்தும் ஆள் போய்விட்டான் என்றால் விதிதான் தவறு என்று முடிவு கட்டினார்கள். புதுத் தாள் ஒன்று வந்தது: 'வலிப்பு கண்ட உடனே அழுத்தத்தை வெளியேற்றவும். தாமதம் கூடாது.' கீழே கூடத்தின் தலைவர் என்ற முறையில் அவள் கையெழுத்து. மீசை அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வால்வுக்கு மேலே ஒட்டினார்.

"இத்தனை வருஷமா தொடாதே தொடாதேன்னீங்களே மேடம்?"

"புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க," என்றாள். அவர் நம்பினார். அவள் சொன்னால் கிழக்கை மேற்கு என்றும் நம்புவார்.

தம்பி மனைவி கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். "அண்ணி, கடைசியில அவருக்கு ஏதாவது தெரிஞ்சிருக்குமா?"

"வலிப்புல நினைவே இருக்காதும்மா. அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

இது பொய்யில்லை. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மீசையைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அவள் காலி டேங்க்கின் கதவை மீண்டும் மூடினாள். உள்ளே நாலாயிரம் லிட்டர் காற்று. ஆக்சிஜன் மீட்டர் 20.9 காட்டியது, எந்த அறையிலும் அதுதான் இருக்கும். நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மதிய வெயில் தரையில் விழுந்து கிடந்தது. பின்கட்டில் யாரோ சிலிண்டரை உருட்டினார்கள்.

20.8.

துருப்பிடிக்கும் இரும்புகூட ஆக்சிஜனைத் தின்னும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் துரு கரியமில வாயுவை விடாது. மணிகளை ஊதாவாக்காது.

20.6.

கதவை மூடி ஒரு மணி நேரம் ஆனபோது 20.4. காகிதத்தில் கணக்குப் போட்டாள். இருபது லிட்டர் ஆக்சிஜன் காணாமல் போயிருந்தது. நிமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அகன்ற தோளுள்ள ஒரு பெரிய ஆள் கட்டிலில் சும்மா படுத்திருந்தால் இழுக்கும் அளவு அது.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இரண்டு கட்டில்கள். இரண்டும் காலி.

பதிவேட்டில் 'மீட்டர் பழுது, மாற்றப்பட்டது' என்று எழுதி மூடினாள். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இறக்கம். எட்டு மாதத்துக்குப் பிறகு டேங்க் மறுபடி வேலைக்குப் போகிறது. அடுத்த வாரம் வெளியாட்கள் வரப்போகிறார்கள். எழுதியவர் முதலில் இறங்க வேண்டும். இந்த முறை அவளுக்குச் சளி இல்லை.

பருத்திச் சட்டை, வெறுங்கால், நகைகள் இல்லை. உள்ளே ஏறும்போது வால்வுக்கு மேலே இருந்த தாள் கண்ணில் பட்டது. வெளியே வந்ததும் மீசையை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வருபவர்களில் யாருக்காவது வலிப்பு வந்தால், இந்தத் தாள் அவர்களைக் கொன்றுவிடும். எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும். வெளியே வந்ததும்.

"மேடம், பந்தயம் ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டு மீசை உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. பழக்கதோஷம்."

"மூடுங்க மீசை."

கதவு மூடிக்கொண்டது. காற்று இரைந்துகொண்டு உள்ளே புகுந்தது. திணிக்கப்படும் காற்று சூடேறும், நெற்றி வியர்த்தது. மூக்கைப் பிடித்து விழுங்கி விழுங்கிக் காதைத் திறந்துவிட்டாள். பெயின்ட், ரப்பர், பழைய மெத்தை வாசனை. அவற்றுக்கு அடியில் மெல்லியதாக இன்னொன்று, உப்பும் வெல்டிங் புகையும் கலந்தது. எட்டு மாதமாக யாரும் படுக்காத இடம். அப்படித்தான் இருக்கும்.

இரைச்சல் நின்றது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். அவள் விடும் மூச்சு குழாய் வழியே நேரே டேங்க்குக்கு வெளியே போய்விடும். ஆகவே மாஸ்க்குக்குள் இருக்கும்வரை அவள் டேங்க்கின் காற்றில் ஒரு துளிகூட எடுப்பதில்லை. மீட்டர் அசையக் கூடாது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மேடம், புது மீட்டரும் மக்கர் பண்ணுது. உள்ள ஒரு ஆள் மூச்சு விடற மாதிரி இறங்குது. உங்க மாஸ்க் ஒழுகுதா?"

மாஸ்க் ஒழுகினால் ஆக்சிஜன் ஏறும். இறங்காது. மீசைக்கும் அது தெரியும். அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

எதிர்க் கட்டிலைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே இருந்த வளைந்த இரும்பை, அதில் வரிசையாக ஓடிய ஆணித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினால் நூற்றுப் பதினொன்று.

முதல் இருபது நிமிடம் முடிந்தது. மாஸ்க்கைக் கழற்றினாள். இப்போது அவளும் டேங்க்கின் காற்றைத்தான் இழுத்தாள்.

"இப்ப ரெண்டு ஆள் கணக்கு வருது மேடம்." மீசை சிரிக்க முயன்றார். "துணைக்கு யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்களா?"

"மீசை, அந்தத் தாள்..." குரல் அடர்ந்த காற்றில் மூக்கால் பேசுவதுபோல் ஒலித்தது.

"எந்தத் தாள் மேடம்?"

வால்வுக்கு மேலே இருக்கே, அது. அது தப்பு. அது என்னால வந்தது. வாய்வரை வந்துவிட்டது. கண்ணாடியில் மீசையின் முகம், அம்மா முகத்தைப் பார்த்து நிற்கும் பிள்ளை முகம்போலக் காத்திருந்தது. அன்றைக்குப் பின்கட்டுக்குப் போனது தன் தப்பு என்று எட்டு மாதமாகச் சரியாகத் தூங்காத மனிதர்.

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்."

அப்போதுதான் அது கேட்டது. எதிர்க் கட்டில் பக்கமிருந்து. நீளமாக, மெதுவாக.

ஃபூ.

குழாயில் காற்று, என்று நினைத்தாள். குழாயில் வரும் காற்று ஒரே சீராக வரும். இது நின்றது. உதட்டை ஈரமாக்கிக்கொள்வதுபோல் ஒரு சின்னச் சத்தம். மறுபடியும்.

ஃபூ.

மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டாவது இருபது நிமிடம். கண்ணை மூடினாள். தன் மூச்சைக் கேட்டாள், இழுப்பு, விடுப்பு, மாஸ்க்கின் தகடு டிக் என்று திறப்பது, டிக் என்று மூடுவது. மேலே ஏற்றிவிடச் சொல்லலாம். கையைக் காட்டினால் போதும், மீசை நிதானமாக அழுத்தத்தைக் குறைத்து வெளியே எடுத்துவிடுவார். கேட்டால் என்ன சொல்வது? தம்பி விசில் அடிக்கப் பார்க்கிறான் என்றா? பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். எல்லாவற்றையும்.

கையைக் காட்டவில்லை.

"மேடம்!" ஒலிபெருக்கியில் மீசையின் குரல் துள்ளியது. "சரியாயிடுச்சு மேடம். மீட்டர் நின்னுடுச்சு. இறங்கவே இல்ல. அப்பாடா!"

அவளும் அப்பாடா என்றுதான் மூச்சு விட்டாள். பாதி மூச்சில் அது புரிந்தது. மாஸ்க்குக்குள் இருப்பவர் டேங்க்கின் காற்றை எடுப்பதில்லை.

கண்ணைத் திறந்தாள்.

எதிர்க் கட்டிலின் மாஸ்க் கொக்கியில் இல்லை. தலையணைக்கு ஒரு சாண் மேலே, எதன்மேலும் படாமல், அணிந்ததுபோல் நின்றது. அதன் கீழே தொங்கிய மெல்லிய ரப்பர் பை உப்பியது. சுருங்கியது. உப்பியது. மெத்தையில் அகலமான ஒரு பள்ளம்.

கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். மீசை குனிந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பை உப்பியது. சுருங்கியது. உப்பியது.

அப்படியே நின்றது.

நாற்பத்தேழாவது நிமிடம். அவளுக்கு நேரம் பார்க்கத் தேவைப்படவில்லை. பிறகு சத்தம் தொடங்கியது. இரும்பில் குதிகால். டம். டம். டம். அன்றைக்குக் கேட்ட அதே வேகம். காதை மூடினாள். மூடியும் கேட்டது. கூடவே வேறொன்று, மெல்லிய ரீங்காரம், இரண்டு காதுக்குள்ளும்.

ரீங்காரம்.

டேங்க்கின் ஓரங்கள் இருண்டு நெருங்கின. கட்டில் போயிற்று. சுவர் போயிற்று. குழாயின் மறுமுனையில் தெரிவதுபோல் வட்டக் கண்ணாடி மட்டும், அதில் நிமிரும் ஒரு மீசை.

மாஸ்க்கைக் கழற்றக் கையைத் தூக்கினாள். கை வரவில்லை.

உதடு துடித்தது.

சொல்லிவிடு. இப்போதே சொல். திறக்காதீங்க மீசை. கையைப் பின்னால கட்டிக்குங்க. ரெண்டே நிமிஷம். உதடு அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்குத் துடித்தது. முதுகு வில்லாக வளைந்தது. தொண்டை பூட்டிக்கொண்டது. டம். டம். இந்த முறை அது அவளுடைய குதிகால்.

நினைவு போகும் என்று காத்திருந்தாள்.

போகவில்லை.

எல்லாம் தெரிந்தது. ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதும்மா.

கண்ணாடியில் மீசையின் வாய் திறந்து மூடியது. அவர் ஒருமுறை மேலே பார்த்தார். தாளின் வரியில் விரல் வைத்துப் படித்தார். நல்ல மனிதர். எதையும் சரிபார்த்துச் செய்பவர். ஒலிபெருக்கியில் அழுகையோடு வந்தது குரல்.

"இதோ மேடம். இதோ. நான் தாமதிக்க மாட்டேன்."

வால்வு இரைந்தது.

அழுத்தம் விழும்போது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து பனிமூட்டமாகும், அது இயற்கை. வெள்ளைப் பனி தரையிலிருந்து எழுந்து டேங்க்கை நிரப்பியது. கட்டிலை மூடியது. கண்ணாடியை மூடியது. நெஞ்சுக்குள் மாட்டிய காற்று விரியத் தொடங்கியது. எதிரே மாஸ்க் தரையில் விழுந்தது. பனி எல்லா இடத்திலும் புகுந்தது, ஓர் இடத்தைத் தவிர. எதிர்க் கட்டிலிலிருந்து அகன்ற தோளுள்ள ஒரு வெற்றிடம் எழுந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்றது. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தது.

ஃபூ, என்றது. அழுத்தம் இறங்க இறங்க அந்தக் காற்றில் ஒரு சுருதி ஏறியது. மெலிந்தது. கூர்மையாயிற்று. விசிலாயிற்று.

அது அவளைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விதிப்படி, வலிப்பு நிற்பதற்காக விசிலடித்தபடி காத்திருந்தது.